கரடி வாங்கின கடனும் அழுங்கோட நெஞ்சும்

ஒரு காட்டில், அதாவது டவர் வந்து, பேங்க் வந்து, ரோடு மட்டும் இன்னும் வராத ஒரு காட்டில், சுருளின்னு ஒரு அழுங்கு இருந்துச்சு.

அழுங்கு தெரியும்ல? உடம்பு பூரா ஓடு அடுக்கின மாதிரி செதில். வாயில பல்லே கிடையாது. நீட்டு நாக்கை விட்டு எறும்பையும் கரையானையும் அள்ளி அள்ளித் தின்னும். ராத்திரி வேலைக்குப் போகும், பகல் பூரா தூங்கும். பயம் வந்துச்சுன்னா சண்டையும் போடாது, ஓடவும் ஓடாது. அப்படியே பந்தா சுருண்டுக்கும். புலி வந்தாலும் அந்தப் பந்தைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பாத்துட்டு, "என்ன எழவு இது, திறக்கவே மாட்டேங்குது"ன்னு போயிடும்.

சுருளி தங்கமான ஆளு. ஒரே ஒரு குறை. அவனுக்கு 'முடியாது'ங்கிற வார்த்தை மட்டும் வாயில வராது. யாராவது எதாவது கேட்டா, 'முடி'ன்னு ஆரம்பிப்பான். 'யும்'னு முடிச்சிருவான்.

அவன் பொண்டாட்டி அங்காளி அப்படி இல்ல. அவ கனவுல கூட முடியாதுன்னுதான் சொல்லுவா.

ரெண்டு பேரும் பாடுபட்டு, மலைச்சரிவுல, கீழ ஆறு தெரியுற மாதிரி, ஒரு புதுப் புத்து வாங்கினாங்க. நல்ல காத்து, வாசல்லயே கரையான். அடடா, அந்த இடத்தைப் பாக்கணுமே! பால் காய்ச்ச நாள் குறிச்சு, காட்டுக்கே பத்திரிகை வச்சாங்க.

வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டாங்க. சாப்பிட்டவங்க மொய் எழுதினாங்க. அந்தக் காட்டுல பலாக்கொட்டைதான் பணம். மொய் வாங்குற இடத்துல மைனா ஒண்ணு மைக்கைப் பிடிச்சிக்கிட்டு, யாரு எவ்வளவுன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லும்.

"பாறைத்தெரு குரங்கு... நாலு கொட்டை! அதுல ஒண்ணு சொத்தை!"

"யேய், அதை ஏன்யா மைக்ல சொல்ற?"ன்னு குரங்கு எகிறுச்சு.

அப்பத்தான் கூட்டம் விலகுச்சு. தோள்ல ஒரு மூட்டையோட கரடி வீரபாகு ஆடி ஆடி வந்தாரு. மூட்டையை மேசை மேல தொப்புன்னு போட்டாரு. மேசை உடைஞ்சுருச்சு. மைனா மைக்கை இன்னும் இறுக்கிப் பிடிச்சுச்சு.

"ஈச்சங்காட்டு... அன்பு மாமா... வீரபாகு அவர்கள்... ஒரு மூட்டை! ஒரு மூட்டைங்க! ஒரு மூட்டை பலாக்கொட்டை!"

காடே கை தட்டுச்சு. சுருளிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "மாமா, எதுக்கு மாமா இம்புட்டு"ன்னு நாக்கு நீள அழுதான். அங்காளி மட்டும் அழல. மூட்டையைப் பாத்தா, கரடியைப் பாத்தா, மறுபடி மூட்டையைப் பாத்தா.

"இது மொய்யா, தூண்டிலா?"ன்னு மெதுவாக் கேட்டா.

"போ புள்ள, உனக்கு எல்லாம் சந்தேகம்தான்."

மூட்டையை அவிழ்க்காமலே மூலைல வச்சா. என்னைக்கா இருந்தாலும் திருப்பிச் செய்யவேண்டிய மொய்தானே.

மறுநாள் காலைல, சுருளி அசந்து தூங்குற நேரத்துல, வாசல்ல நிழல் விழுந்துச்சு. வீரபாகு. கையில ஒரு ஃபார்ம்.

"மாப்ள, தூங்குறியா? தூங்கு தூங்கு. தூங்கிக்கிட்டே இங்க ஒரு கீறு கீறிடு."

"என்னது மாமா?"

"நம்ம பெரும்பொந்து பேங்க்ல ஒரு கடன் போடுறேன். தேன் கடை வைக்கப்போறேன். ஜாமீன் கையெழுத்துன்னு ஒண்ணு வேணுமாம். சும்மா ஒரு சடங்கு மாப்ள."

உள்ள இருந்து அங்காளி கனைச்சா. பாத்திரத்தை டம்முன்னு வச்சா. அதுக்கும் மேல, வாலால சுருளியோட முதுகுல ஒரு போடு போட்டா.

"மாமா, அது வந்து... முடி..."

சுருளி அப்பத்தான் மூலையைப் பாத்தான். மூட்டை அவனையே பாத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. கல்யாண வீட்டுல பந்திக்கு முன்னால உக்காந்த பெரிய மனுசன் மாதிரி, அம்புட்டுக் கம்பீரமா உக்காந்திருந்துச்சு.

"...யும் மாமா"ன்னான்.

"அதான பாத்தேன்! என் மாப்ளையா கொக்கா? இந்தா பாரு, கடன் வாங்குறது நானு. கட்டுறதும் நானு. நீ சும்மா இருக்கப்போற. சும்மா இருக்குறதுக்கு ஒரு கையெழுத்து, அம்புட்டுதான்!"

சுருளி நகத்தால கீறினான். கரடி ஃபார்மை மடிச்சு அக்குள்ல வச்சிக்கிட்டுப் போயிட்டாரு.

தேன் கடை திறந்தாச்சு. வாழை மரம் கட்டி, மைக் செட் போட்டு, ஏக அமர்க்களம். முதல் வியாபாரத்துக்கு முன்னாடி சரக்கு நல்லா இருக்கான்னு பாக்கணும்ல? கரடி ஒரு கை பாத்தாரு. நல்லா இருந்துச்சு. எல்லாப் பானையும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கணும்ல? அதையும் பாத்தாரு. "கஸ்டமருக்குத் துரோகம் பண்ணக்கூடாது"ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. சாயங்காலம் கடையில மிஞ்சினது வாழை மரம் மட்டும்தான். வாயைத் துடைச்சிக்கிட்டு கடைக்குள்ளயே படுத்துத் தூங்கிட்டாரு.

அடுத்த மாசம் சுருளி வாசல்ல ஒரு கிளி வந்து உக்காந்துச்சு.

"வணக்கம்! பெரும்பொந்து வங்கியிலிருந்து பேசுகிறோம்! நீங்கள் ஜாமீன் போட்ட வீரபாகு தவணை கட்டவில்லை! தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்!"

சுருளி தூக்கத்துலருந்து பதறி எந்திரிச்சான். "தம்பி, நான் வாங்கலப்பா, அது எங்க மாமா..."

"தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்!"

எதை அழுத்துறதுன்னு தெரியல. கிளியோட வாலை அழுத்தினான். கிளி வீல்னு கத்திக்கிட்டுப் பறந்துருச்சு. மறுநாள் ரெண்டு கிளி வந்துச்சு. "தவணை! தவணை!"

அன்னைக்குத்தான் அது முதல்முதலா நடந்துச்சு. சுருளியோட நெஞ்சுக்குள்ள யாரோ உள்பக்கமா நின்னு கதவைத் தட்டுற மாதிரி படபடபடன்னு அடிச்சுச்சு. கண்ணு இருட்டுச்சு. உடம்பு தன்னால சுருண்டுச்சு. அழுங்கு சுருண்டா தப்பில்ல. ஆனா வீடு மலைச்சரிவுல இருக்கே! காத்து வருதுன்னு வாங்கின சரிவு! பந்து உருள ஆரம்பிச்சுச்சு. தட்டு தட்டுன்னு கல்லுல முட்டி, புதர்ல பாஞ்சு, ஒரு பலா மரத்துல போய் மோதி நின்னுச்சு.

அங்காளி இறங்கிப் போய் அவனை மேல உருட்டிக்கிட்டு வந்தா. வழி பூரா திட்டிக்கிட்டே வந்தா. "காத்தாட வீடு, காத்தாட வீடுன்னீங்களே, பந்தாட ஆயிருச்சு பாருங்க."

அடுத்த நாள் சுருளி நேரா பேங்க்குக்கே போனான். பேங்க் மேனேஜர் ஒரு மலையணிலு, பேரு மந்திரமூர்த்தி. வழவழன்னு வாலு, நிதானமான பேச்சு. பெரிய பொந்துல உக்காந்து ஒரு கொட்டையை உருட்டி உருட்டிக் கொறிச்சுக்கிட்டு இருந்தாரு.

"சார், கடன் வாங்கினது கரடி. கிளி எல்லாம் எங்க வீட்டுக்கு வருது. அவரு வீட்டுக்கு அனுப்புங்க சார்."

"அது முடியாதுங்களே," மேனேஜர் கனிவாச் சொன்னாரு. "எங்க விதிமுறைப்படி, கடன் வாங்கினவருக்கு மன உளைச்சல் குடுக்கக்கூடாது. அவரே பாவம், கடன்ல இருக்காரு."

"அப்ப நானு?"

"உங்களுக்கு என்னங்க? உங்களுக்குத்தான் கடனே இல்லையே. ஃப்ரீயாத்தான இருக்கீங்க?"

மேனேஜர் குனிஞ்சு, குரலைத் தாழ்த்திச் சொன்னாரு: "அதுவும் போக, அவரு கரடிங்க. தூங்குற கரடியை எந்தக் கிளிங்க எழுப்பும்?"

அன்னைலருந்து சுருளிக்குத் தூக்கம் போச்சு. பகல்ல கண்ணை மூடினா இறக்கை சத்தம் கேக்குற மாதிரி இருக்கும். இலை ஆடினா கிளி. காத்தடிச்சா கிளி. கரையான் இறங்கல தொண்டைல. ராத்திரி வேலைக்குப் போனா பாதி வழியில மூச்சு வாங்குச்சு. வாரம் ஒரு தடவை உருண்டான். ஒவ்வொரு தடவையும் முன்னைக்கு இப்ப கொஞ்சம் தள்ளிப் போய் நின்னான். ஆத்துச் சத்தம் கிட்டக் கிட்டக் கேட்டுச்சு.

"இது சரிப்படாது"ன்னு அங்காளி அவனை டாக்டர்கிட்ட உருட்டிக்கிட்டுப் போனா.

டாக்டர் செங்கமலம். மரங்கொத்தி. காடு பூரா பேர் போன இதய டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பே வேணாம். அலகால நெஞ்சுல டொக் டொக்னு ரெண்டு தட்டு, காதை வச்சுக் கேட்டா, உள்ள என்ன ஓட்டை, என்ன பூச்சின்னு சொல்லிருவாங்க. டோக்கன் வாங்கி உக்காந்தாங்க. நடுவுல ஒரு முள்ளம்பன்றி வந்து, "நான் ரிப்போர்ட் மட்டும்தான் காட்டணும்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள போச்சு. யாரும் தடுக்கல. யாரு தடுப்பா?

ஒரு வழியா இவங்க முறை வந்துச்சு. டாக்டர் தட்டினாங்க. கேட்டாங்க. அலகு அப்படியே நின்னுருச்சு.

"ஏம்ப்பா, உள்ள எதுவும் திருவிழா நடக்குதா?"

"இல்லைங்க டாக்டரம்மா."

"அப்புறம் என்ன இந்த மேளம்? இதயம் நல்ல இதயம்தான். ஆனா அதுக்கு ஓய்வே இல்ல. உனக்கு என்ன கவலை?"

சுருளி எல்லாத்தையும் சொன்னான். மொய், மூட்டை, கீறல், கிளி. அங்காளி நடுவுல நடுவுல, "நான் அப்பவே கனைச்சேன் டாக்டரம்மா"ன்னு சேத்துக்கிட்டா.

டாக்டர் தலையை ஆட்டினாங்க. "பணக் கவலைதான். கவலை வந்தா தூக்கம் போகுது. தூக்கம் போனா பிரஷர் ஏறுது. பிரஷர் ஏறினா இந்த நெஞ்சு சம்பளமில்லாம ஓவர்டைம் பாக்குது. ஜாமீன் போட்ட உனக்கே இப்படின்னா, கடன் வாங்கின ஆளுக்கு எப்படி இருக்கும்! பாவம், அந்தக் கரடி உயிரோட இருக்கான்னு பாக்கணும். வாங்க போவோம்!"

மூணு பேரும் ஈச்சங்காட்டுக்கு ஓடினாங்க. வீரபாகு தேன் கடைக்குள்ள மல்லாக்கப் படுத்து, நாலு காலையும் நாலு திசைல போட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தாரு. குறட்டைல கூரை ஏறி ஏறி இறங்குச்சு. டாக்டர் வயித்து மேல ஏறி, நெஞ்சுக்கு நடந்து போயி, டொக் டொக்னு தட்டினாங்க. காதை வச்சாங்க.

ரொம்ப நேரம் எடுக்கல.

"என்ன டாக்டரம்மா, போயிட்டாரா?"ன்னான் சுருளி, பதட்டமா.

"போறதா? இப்படி ஒரு இதயத்தை நான் பாத்ததே இல்லப்பா! தாலாட்டு மாதிரி இருக்கு. எனக்கே தூக்கம் வருது." டாக்டர் கொட்டாவி விட்டாங்க. "உப்பு கம்மி, கவலை சுத்தமாக் கிடையாது. இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும்."

கரடி ஒத்தைக் கண்ணைத் திறந்தாரு. "யாரு, மாப்ளையா? என்னப்பா இளைச்சுட்ட? உடம்பைப் பாத்துக்கடா. உடம்பு இருந்தாத்தான எல்லாம்." மறுபடி கண்ணை மூடிட்டாரு.

டாக்டருக்குக் குழப்பம். அவங்க படிச்சதுல கடன் ஒரு இடத்துல இருந்தா நோவும் அங்கதான் இருக்கணும். இங்க கடன் ஈச்சங்காட்டுல படுத்திருக்கு, நோவு மலைச்சரிவுல உருண்டுக்கிட்டு இருக்கு. ஆனாலும் டாக்டர் டாக்டர்தானே, மருந்து எழுதினாங்க. "உப்பைக் குறை. தினமும் நட. மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விடு. முக்கியமா, கவலைப்படாத!"

"கவலைப்படாம எப்படிங்க இருக்குறது?"

"அது வேற டிபார்ட்மென்ட்"ன்னு சொல்லிட்டாங்க.

சுருளி நடந்தான். நடக்குற பாதை பேங்க் வழியாத்தான் போச்சு. ஒவ்வொரு தடவையும் மேனேஜர் பொந்துலருந்து கையைக் காட்டி, "என்ன சார், ஞாபகம் இருக்குல்ல?"ன்னாரு. சுருளி மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சு உள்ள இருக்கும்போதே கிளி வந்து, "தவணை!"ன்னுச்சு. விடவேண்டிய மூச்சை விட மறந்து உருண்டான். கரையான்ல ஏது உப்பு, அதனால உப்பைக் குறைக்கவும் வழியில்ல.

சரி, கட்டியே தொலைப்போம்னு, ராத்திரி ராத்திரியா உழைச்சு, கொட்டை சேத்து, ஒரு தவணையை அவனே கட்டினான். அன்னைக்குக் கொஞ்சம் நிம்மதியாத் தூங்கினான். எந்திரிச்சுப் பாத்தா வாசல்ல கரடி.

"மாப்ள! கட்டிட்டியாமே! என் மனசுல எம்புட்டு பாரம் இறங்குச்சு தெரியுமா? அடுத்த மாசமும் அப்படியே பாத்துக்க, என்ன?"

அங்காளி விளக்குமாத்தை எடுத்தா. கரடி நல்லா ஓடுவாருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அடுத்த மாசம் கட்ட முடியல. அதுக்கு அடுத்த மாசமும் முடியல. மூலைல இருந்த மூட்டையை, திருப்பிச் செய்யவேண்டிய மொய்னு அங்காளி தொட விடல. ஒரு நாள் கிளிக்குப் பதிலா தவுலடிக்கிற குரங்கு வந்துச்சு. டமடமடமன்னு அடிச்சு, அக்கம்பக்கம் எல்லாம் கூடின பின்னாடி, தொண்டையைச் செருமிக்கிட்டு வாசிச்சுச்சு:

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், கரடி கடனைக் கட்டாததால், வரும் பௌர்ணமிக்கு அழுங்கோட புத்து ஏலம்!"

அது மொய்ல நாலு கொட்டை எழுதின அதே குரங்கு. வாசிக்கிறப்ப அதுக்கு ஒரு சந்தோசம்.

சுருளிக்கு நெஞ்சு படபடன்னு கூட அடிக்கல. ஒரே அடி. டம்! தவுலா நெஞ்சான்னு தெரியல. சுருண்டான், உருண்டான். பலா மரத்தைத் தாண்டினான். பாறையைத் தாண்டினான். கீழ ஆத்துல வெள்ளம் போய்க்கிட்டு இருக்கு. அங்காளி செதில் பறக்க ஓடினா. கரையோரத்துல ஒரு மூங்கில் புதர் இருந்துச்சோ, அவன் தப்பிச்சானோ! புதர்ல சிக்கி, பாதி உடம்பு தண்ணிக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்தான்.

அங்காளி அவன் வாலைப் பிடிச்சு இழுத்தா. இழுத்துப் போட்டுட்டு, அவ வாழ்க்கைலயே முதல் தடவையா திட்டல. பக்கத்துல உக்காந்து அழுதா. அதான் சுருளிக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

டாக்டர் பறந்து வந்து தட்டிப் பாத்தாங்க. சிரிக்கல. "இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா, மூங்கில் இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஆத்துல விழுறதுக்கு முன்னாடியே நெஞ்சு நின்னுரும். பௌர்ணமிக்குள்ள இந்தக் கவலை தீரணும்."

வீட்டுக்கு வந்தாங்க. சுருளி மூலைல படுத்து, "நான் போயிட்டா நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிரு"ன்னு ஆரம்பிச்சான்.

"வாயை மூடுங்க"ன்னா அங்காளி. அவ எதையோ யோசிச்சுக்கிட்டு இருந்தா. "எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல. கடன் வாங்கினவன் எப்படி இப்படித் தூங்குறான்?"

"அவரு சுபாவம் அப்படி."

"சுபாவமும் இல்ல, மண்ணும் இல்ல. அவன்கிட்ட ஒரு கிளி போகுதா? ஒரு குரங்கு போகுதா? கடன் வாங்கினவனை யாரும் கேக்குறதில்ல. கையெழுத்துப் போட்டவனைத்தான் கேக்குறாங்க. அப்ப இந்த நோவு கடன்ல இல்லைங்க. கையெழுத்துல இருக்கு!"

"சரி, அதுக்கு?"

"அதுக்கு நீங்க போய் ஒரு கடன் வாங்குங்க."

சுருளிக்கு உடம்பு பாதி சுருண்டுருச்சு. "கடனாலதான் சாகப்போறேன், கடன் வாங்குன்னு சொல்ற?"

"பெருசா வாங்குங்க. கரடி கடனை அதுல அடைச்சிருங்க, புத்து தப்பிச்சிரும். மிச்சத்தை நாம வச்சிக்குவோம். இந்தக் கடனுக்கு வேற எவனாவது கையெழுத்துப் போடட்டும். கிளி எல்லாம் அங்க போகட்டும்."

"எவன் புள்ள போடுவான்? நம்மளை நம்பி?"

அங்காளி மூலையைப் பாத்தா. அங்க அந்த மூட்டை, அவிழ்க்காத அதே கட்டோட, பெரிய மனுசன் மாதிரி உக்காந்திருந்துச்சு.

"நாளன்னைக்கு மேனேஜர் வீட்டுல காதுகுத்து"ன்னா.

ஐயோ, அந்தக் காதுகுத்து! மலையணில் வீட்டு விசேசம்னா சும்மாவா? மரத்துக்கு மரம் தோரணம். மந்திரமூர்த்தி புது வேட்டி கட்டி, வாலை எண்ணெய் போட்டு வாரி, வாசல்ல நின்னு எல்லாரையும் கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு. சுருளியைப் பாத்ததும் அந்தக் கும்பிடு பாதியில நின்னுச்சு. ஏலம் போடப்போற வீட்டுக்காரன் விருந்துக்கு வந்தா யாருக்குத்தான் சங்கடமா இருக்காது.

சுருளியும் அங்காளியும் சாப்பிடக் கூட இல்ல. நேரா மொய் மேசைக்குப் போனாங்க. மூட்டையை மேல தூக்கிப் போட்டாங்க. மேசை உடைஞ்சுருச்சு. அதே மேசைதான், ஆணி அடிச்சு வச்சிருந்தாங்க.

மைனா மைக்கைப் பிடிச்சிக்கிட்டு ஆடிப்போச்சு. "மலைச்சரிவு... அன்பு அண்ணன்... சுருளி அவர்கள்... ஒரு மூட்டைங்க! மறுபடியும் ஒரு மூட்டைங்கோ!"

காடே கை தட்டுச்சு. மேனேஜருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சுருளி சார், எதுக்கு சார் இம்புட்டு... நான் உங்களை எவ்வளவு... சே!"ன்னு வாலாலயே கண்ணைத் துடைச்சாரு. பின்னால நின்ன மேனேஜர் சம்சாரம் மட்டும் அழல. மூட்டையைப் பாத்துச்சு, சுருளியைப் பாத்துச்சு. அங்காளி அதைப் பாத்தா. பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டா.

மறுநாள் காலைல மேனேஜர் வீட்டு வாசல்ல நிழல் விழுந்துச்சு. சுருளி. கையில ஒரு ஃபார்ம்.

"சார், ஒரு சின்னக் கடன். ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து வேணும். சும்மா ஒரு சடங்கு."

"நானா? நான் மேனேஜருங்க. மேனேஜரே ஜாமீன் போடுறது..."

"போடக்கூடாதுன்னு ஃபார்ம்ல எங்கயாவது இருக்கா சார்?"

மேனேஜர் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இல்ல. யாருக்கும் அப்படி ஒண்ணு தோணவே இல்ல. உள்ள இருந்து சம்சாரம் கனைச்சுச்சு. பாத்திரம் டம்முன்னு விழுந்துச்சு. மேனேஜர், "அது வந்து, விதிமுறைப்படி முடி..."ன்னு ஆரம்பிச்சாரு. மூலைல அந்த மூட்டை அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"...யும் சார்"ன்னாரு.

கீறினாரு.

பௌர்ணமிக்கு முன்னாடியே கரடி கடன் அடைஞ்சுருச்சு. ஏலம் ரத்து. குரங்குக்கு மட்டும் வருத்தம், தவுலுக்குப் புதுத் தோல் எல்லாம் கட்டி வச்சிருந்துச்சு. வீரபாகு தகவல் கேட்டு ஒத்தைக் கண்ணைத் திறந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, பயப்படாத, எல்லாம் தன்னால சரியாயிரும்னு"ன்னாரு.

ஆனா சுருளிக்கு உள்ளுக்குள்ள உதைப்புதான். முதல் தவணை நாள் வந்துச்சு. கட்டல. கட்ட வேணாம்னு அங்காளி சொல்லிட்டா. புத்துக்குள்ள படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். தூரத்துல இறக்கை சத்தம். படபடபட. நெஞ்சும் படபடபட. உடம்பு சுருள ஆரம்பிச்சுச்சு. அங்காளி ஓடிவந்து வாலை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டா. கிளி வருது. கிட்ட வருது. வாசலுக்கு நேரா வருது...

தாண்டிப் போயிருச்சு.

நேராப் போயி, பேங்க் மரத்து உச்சில உக்காந்து, கழுத்தை நீட்டிக் கத்துச்சு.

"வணக்கம்! பெரும்பொந்து வங்கியிலிருந்து பேசுகிறோம்! நீங்கள் ஜாமீன் போட்ட சுருளி தவணை கட்டவில்லை! தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்!"

"டேய், நான்தான்டா பேங்க்கு! என்கிட்டயே சொல்ற?"ன்னு மேனேஜர் கத்துறது மலைச்சரிவு வரைக்கும் கேட்டுச்சு.

"தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்!"

"சுருளி வீட்டுக்குப் போடா!"

"கடன் வாங்கியவருக்கு மன உளைச்சல் கொடுக்கக்கூடாது! விதிமுறை!"

அதுக்கப்புறம் பொத்துன்னு ஒரு சத்தம். மலையணிலுக்குச் சுருளத் தெரியாதுல்ல. நெஞ்சு படபடத்தா மரத்துலருந்து விழும், அவ்வளவுதான்.

சுருளி மெதுவா நேரானான். கால் ஒண்ணு, வாலு ஒண்ணுன்னு ஒவ்வொண்ணா நீட்டினான். அன்னைக்குத் தூங்கினான் பாருங்க ஒரு தூக்கம்! புத்து கூரை ஏறி ஏறி இறங்குச்சு. அங்காளி ஓரமா உக்காந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கிட்டே ஒரு கை கரையானை நிம்மதியாத் தின்னா.

கொஞ்ச நாள் கழிச்சு செக்கப்புக்குப் போனாங்க. டோக்கன் வரிசையில இவங்களுக்கு முன்னாடி மேனேஜர் உக்காந்திருந்தாரு. வால்ல பாதி முடி இல்ல. "சார், இந்த மாசமாவது..."ன்னு இழுத்தாரு.

"உடம்பைப் பாத்துக்கங்க சார்"ன்னான் சுருளி, உண்மையான பாசத்தோட. "உடம்பு இருந்தாத்தான எல்லாம்."

உள்ள போனதும் டாக்டர் தட்டினாங்க, கேட்டாங்க, அசந்துட்டாங்க.

"தாலாட்டு! அதே தாலாட்டு! ஏம்ப்பா, நான் எழுதின மருந்துல எது கேட்டுச்சு? நடையா? மூச்சா?"

"கடன்தான் டாக்டரம்மா."

"கடனை அடைச்சிட்டியா?"

"இல்லைங்க. வாங்கிட்டேன்."

டாக்டர் திறந்த அலகை மூட மறந்துட்டாங்க. ஐம்பது வகை மரத்தைக் கொத்திப் படிச்ச படிப்பு, அப்படியே கண்ணு முன்னாடி கழண்டு விழுந்துச்சு. அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு, "சரி, நல்லா இரு. ஆமா, பழைய ஃபீஸு, இன்னைய ஃபீஸு, அன்னைக்கு ஆத்தங்கரைக்கு வந்த ஃபீஸு எல்லாம் சேத்து நிக்குது. அதை நம்பித்தான் கூட்டுக்குப் புதுக் கிளை சொல்லி வச்சிருக்கேன்"ன்னாங்க.

சுருளி எந்திரிச்சு, சோம்பல் முறிச்சு, டாக்டர் தோள்ல பாசமாத் தட்டினான்.

"எழுதி வைங்க டாக்டரம்மா. நான் எங்க போயிடப் போறேன்?"

ரெண்டு பேரும் போயிட்டாங்க. டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயெடுத்தாங்க. அப்ப ஒரு சத்தம்.

டொக் டொக் டொக்.

யாருடா அது, வேற மரங்கொத்தி எதுவும் பக்கத்துல கிளினிக் போட்டுருச்சான்னு எட்டிப் பாத்தாங்க. யாரும் இல்ல. மரத்துக்குப் பின்னால பாத்தாங்க. அங்கயும் இல்ல.

டொக் டொக் டொக் டொக்.

மெதுவா இறக்கையை எடுத்துத் தன் நெஞ்சு மேல வச்சாங்க.

நீதி: நெஞ்சு நல்லா இருக்கணுமா? உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, கடனை நீங்க வாங்குங்க, கையெழுத்தை மத்தவங்களைப் போடச் சொல்லுங்க. மொய்யை மட்டும் யாருக்கும் முந்தி எழுதிடுங்க.